பார்க்கின்சன் நோய் குடலில் தோன்றுகிறதா? – ஒரு வழிப்படத்தின் மதிப்பீடு

கை நடுங்கத் தொடங்கிய நாளே பார்க்கின்சன் நோய் தொடங்கிய நாள் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. மூளையின் அடிப்பகுதியில் 'கரும்பொருள்' எனப்படும் ஒரு சிறு பகுதி உண்டு. உடல் அசைவுகளைச் சீராக நடத்த உதவும் டோபமீன் என்னும் வேதிப்பொருளை அங்குள்ள நரம்பணுக்கள் உண்டாக்குகின்றன. முதல் நடுக்கம் கண்ணில் படும்போதே அந்நரம்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை மடிந்துபோயிருக்கும் என்று வெவ்வேறு ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. ஆகவே நோய் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது என்பது தெளிவு. அப்படியானால் அது எங்கே தொடங்கியது? எவ்வழியாகப் பரவியது?

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பணியாற்றிய ஹைகோ பிராக் என்னும் உடற்கூற்று அறிஞரும், கெல்லி டெல் டிரெடிசி முதலிய துணை ஆய்வாளரும் 2003ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு ஒரு விடை தந்தனர். நோய் மூளைத் தண்டின் அடியில் தொடங்கி, ஆறு படிகளில் மேலேறி, இறுதியில் பெருமூளைப் புறணியை அடைகிறது என்பது அவ்விடை. பின்னர் அதன் தொடக்கம் இன்னும் கீழே, குடலிலும் இரைப்பையிலும் இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர். இன்று இக்கருத்து பத்திரிகைகள் வழியாகப் பரவி, 'பார்க்கின்சன் நோய் குடலில் பிறந்து மூளைக்கு ஏறுகிறது' என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. கருத்தாக இருந்தது உண்மையாகவே கொள்ளப்பட்டுவிட்டது.

இவ்விடையைச் சற்று உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது அறிஞர்கள் தமக்குள் வாதிட்டுக்கொள்ளும் செய்திதானே என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நோய் எங்கே தொடங்குகிறது என்பதை வைத்தே யாரை முன்கூட்டிச் சோதிப்பது, எந்த உறுப்பைச் சோதிப்பது, மருந்தை எந்தக் கட்டத்தில் கொடுப்பது என்பவை முடிவாகும். படம் தவறினால் பயணமும் தவறும்.

லூயி கண்ட உருண்டைகள்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் 'நடுக்குவாதம்' பற்றிய தம் சிறுநூலை வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளை விவரித்தார். அவர்களுள் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். நடை, குனிவு, நடுக்கம், மலச்சிக்கல் ஆகியவற்றை அவர் வியக்கத்தக்க நுட்பத்துடன் எழுதினார். ஆனால் அறிவும் புலன்களும் கெடுவதில்லை என்றும் எழுதினார். தெருவில் நடப்பவரைப் பார்த்து அவருடைய நினைவாற்றலையும் மோப்ப உணர்வையும் எடைபோட முடியாது அல்லவா? பார்த்த இடம் எதுவோ அதற்கேற்பவே காட்சியும் அமைகிறது. இதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் இதே இடர் வேறு வடிவில் வரப்போகிறது.

பெர்லினில் பிறந்த ஃபிரிட்ஸ் லூயி என்பவர் மியூனிக் நகரில் அல்சைமரின் ஆய்வகத்தில் பணியாற்றினார். இந்நோயால் இறந்தோரின் மூளையை ஆராய்ந்து, நரம்பணுக்களுக்குள் உருண்டையான பொருள்கள் இருப்பதை 1912இல் அவர் விவரித்தார். அவற்றை அவர் கண்ட இடங்களுள் ஒன்று, முகுளத்தில் உள்ள வேகஸ் நரம்பின் இயக்கக் கரு. வேகஸ் என்பது மூளைத் தண்டிலிருந்து இறங்கி, இதயம், இரைப்பை, குடல் ஆகியவற்றை எட்டும் நீண்ட நரம்பு. 1919இல் டிரெட்டியாகாஃப் என்ற அறிஞர் பாரிசில் அதே உருண்டைகளைக் கரும்பொருளில் கண்டு, அவற்றுக்கு லூயியின் பெயரைச் சூட்டினார். யூதரான லூயி 1933இல் ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் குடியேறி, 1950இல் காலமானார்.

நெடுங்காலம் இவ்வுருண்டைகள் நடுக்கத்திற்கு மட்டுமே உரியவை என்று கருதப்பட்டன. 1961இல் அமெரிக்காவில் ஒக்கசாக்கி குழுவினர், அறிவு தடுமாறி இறந்த இருவரின் பெருமூளைப் புறணியிலும் அவற்றைக் கண்டனர். 1976 முதல் ஜப்பானிய மருத்துவர் கென்ஜி கொசாக்கா இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து விவரித்தார். இன்று 'லூயி உருண்டை அறிவுத்தேய்வு' என்று ஒரு நோய் தனியே அறியப்படுகிறது. பார்க்கின்சன் நோயும் அதுவும் ஒரே அடிமரத்தின் இரண்டு கிளைகள் என்று பல அறிஞர்கள் கருதுகின்றனர். இரண்டையும் சேர்த்தே லூயி நோய் என்கிறோம்.

பாலும் உறைமோரும்

அவ்வுருண்டைகள் எதனால் ஆனவை? விடை கிடைக்க 85 ஆண்டுகள் ஆயின. 1997இல் இத்தாலியின் கொந்துர்சி என்னும் ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பத்திலும், சில கிரேக்கக் குடும்பங்களிலும் தலைமுறை தலைமுறையாக வந்த பார்க்கின்சன் நோய்க்கு ஒரு மரபணுப் பிழையே காரணம் என்று கண்டறிந்தனர். அது ஆல்பா சைனூக்ளின் என்னும் புரதத்தின் மரபணு. அதே ஆண்டில், லூயி உருண்டைகளில் பெருமளவு இருப்பதும் இப்புரதமே என்று ஸ்பில்லன்டினி, கோடர்ட் ஆகியோர் காட்டினர். 2003இல், பிழை எதுவும் இல்லாத இம்மரபணுவே அளவுக்கு மீறிப் படியெடுக்கப்பட்ட ஒரு குடும்பத்திலும் நோய் வந்தது தெரிந்தது. புரதம் கெட்டாலும் நோய், மிகுந்தாலும் நோய்.

140 அமினோ அமிலங்கள் கோத்த இப்புரதம் நம் எல்லார் மூளையிலும் இயல்பாகவே உண்டு. நரம்பணுவின் முனைகளில் அது தங்கியிருக்கிறது. சில வேளைகளில் அது தவறாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, இழைகளாகத் திரிகிறது. அப்படித் திரிந்த ஒரு துணுக்கு, அருகில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மாற்றிவிடுகிறது. ஒரு குடம் பாலில் ஒரு கரண்டி மோர் விழுந்தால் குடம் முழுவதும் தயிராவதை நாம் அறிவோம். அதைப் போன்றதே இதுவும் எனலாம். இத்துணுக்குகள் ஒரு நரம்பணுவிலிருந்து அதனோடு தொடர்புடைய அடுத்த நரம்பணுவிற்குச் சென்று அங்கும் 'உறை ஊற்றுகின்றன' என்பதே பரவல் கொள்கையின் சாரம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பரவுகிறது என்றால் ஒருவருடைய உடலுக்குள்ளேயே பரவுகிறது என்றுதான் பொருள். இது தொற்றுநோய் அன்று. நோயாளியைத் தொடுவதாலோ, உடனிருந்து பணிவிடை செய்வதாலோ ஒட்டாது.

பிராக் வரைந்த படம்

பிராக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வகை மூளைகள் இருந்தன. பார்க்கின்சன் நோயாளிகள் 41 பேர். வாழ்நாளில் நோய் அறிகுறி பதிவாகாமல், இறந்தபின் மூளையில் லூயி மாற்றங்கள் காணப்பட்டவர்கள் 69 பேர். ஒப்பீட்டுக்காக 58 பேர். இம்மூளைகளில் புரதம் எங்கெங்கே திரண்டிருக்கிறது என்று பார்த்து அவற்றை வரிசைப்படுத்தினர்.

முதற்படியில் வேகஸ் கருவும் மோப்பப் பகுதியும் பாதிக்கப்படுகின்றன. இரண்டாம் படியில் மூளைத் தண்டின் சற்று மேலான பகுதிகள்; தூக்கத்தையும் விழிப்பையும் ஆளும் நரம்பணுக்கள் இங்குள்ளன. மூன்றாம் படியில்தான் கரும்பொருள் வருகிறது. நான்காம் படியில் புறணியின் பழைமையான ஓரப்பகுதியும், ஐந்து, ஆறாம் படிகளில் புறணியின் மற்றப் பகுதிகளும் பாதிக்கப்படுகின்றன.

இப்படத்தின் சிறப்பை முதலில் மனமாரச் சொல்லிவிட வேண்டும். அதுவரை தனித்தனியாகக் கிடந்த பல செய்திகளை அது ஒரே நூலில் கோத்தது. நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்பம் குறைவது ஏன்? மலச்சிக்கல் வருவது ஏன்? உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுவது ஏன்? முதல் இரண்டு படிகளைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடுகிறது. நடுக்கம் கதையின் தொடக்கம் அன்று, நடுப்பகுதி என்று நமக்குக் கற்பித்தது இப்படமே. இதை யாரும் மறுக்க முடியாது.

படத்தின் குறைகள்

முதற்குறை, மூளைகளைத் தெரிந்தெடுத்த முறையில் இருக்கிறது. அறிகுறி இல்லாதோரின் மூளைகளைத் தேர்ந்தபோது, வேகஸ் கருவில் மாற்றம் இருப்பதே தகுதியாகக் கொள்ளப்பட்டது. பர்க், டௌவர், வான்சாட்டல் என்னும் மூவர் 2008இல் எழுதிய மதிப்பீட்டில் இதைச் சுட்டிக்காட்டினர். வேகஸ் கருவில் மாற்றம் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, 'எல்லாவற்றிலும் வேகஸ் கருவே முதலில் பாதிக்கப்படுகிறது' என்று முடிவு செய்தால் என்ன பொருள்? தேரடியில் நின்று, அங்கே வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, 'ஊரார் எல்லாரும் தேர் பார்க்க வந்துவிட்டனர்' என்று சொல்வதைப் போன்றது அது. வராதவர்களை எண்ணவேண்டுமானால் தெருத்தெருவாகப் போக வேண்டும்.

அப்படிப் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டனில் 71 பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றுள் பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான் பிராக் வரிசைக்கு ஒத்துவந்தது. சிலவற்றில் வேகஸ் கரு பாதிக்கப்படவே இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீச் என்பவரின் குழு 2009இல் 417 பேரின் மூளைகளை ஆராய்ந்து வேறொரு வகைப்பாட்டைத் தந்தது. அதில் முதற்படி மோப்பக் குமிழ் மட்டுமே. அதன்பின் பாதை இரண்டாகப் பிரிகிறது. சிலரிடம் மூளைத் தண்டு முதன்மையாகப் பாதிக்கப்படுகிறது. சிலரிடம் உணர்ச்சிகளை ஆளும் அமிக்டலாவும் அதைச் சார்ந்த பகுதிகளும் பாதிக்கப்படுகின்றன. ஒரே ஏணி என்று பிராக் கண்ட இடத்தில் பீச் கவட்டைக் கிளையைக் கண்டார்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஒருவரின் மூளையை இவ்வாறு ஒரே ஒரு முறைதான், அதுவும் அவர் இறந்தபின்தான், காண முடியும். ஆகவே பிராக் கண்டவை அனைத்தும் அசையாப் படங்கள். மாற்றம் குறைவாக உள்ள மூளையை 'முன்னது' என்றும் மிகுந்துள்ளதைப் 'பின்னது' என்றும் அவர் வரிசைப்படுத்தினார். தோப்பில் கன்று, இளமரம், முதுமரம் ஆகியவற்றைக் கண்டு மரத்தின் வளர்ச்சியை ஊகிப்பது போன்ற முறை இது. ஊகம் நியாயமானதே. ஆனால் எல்லாம் ஒரே சாதி மரமாக இருந்தால்தான் அது செல்லும். வேப்பங்கன்றையும் புளியமரத்தையும் அடுத்தடுத்து வைத்து, இதுதான் அதுவாக வளர்ந்தது என்று சொல்லலாமா? லூயி நோய் ஒரே சாதிதானா என்பதே இங்கே எழும் கேள்வி. படமோ ஒரே சாதி என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது.

மூன்றாவது, புரதம் இருக்கிறதா என்று இப்படம் பார்க்கிறது; நரம்பணு எத்தனை மடிந்தது என்று பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. பின்லாந்தில் பார்க்கினன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், புறணி வரை லூயி மாற்றங்கள் பரவியிருந்தும் நடுக்கமோ அறிவுத்தேய்வோ பதிவாகாத முதியவர்கள் பலர் இருந்தனர். மறுபுறம், எல்.ஆர்.ஆர்.கே. 2 என்னும் மரபணுவின் பிழையால் பார்க்கின்சன் நோய் வந்தவர்களுள் சிலரிடம் லூயி உருண்டைகளே இருப்பதில்லை. உருண்டை உண்டு, நோய் இல்லை. நோய் உண்டு, உருண்டை இல்லை. இவ்விருவரும் ஆறுபடி ஏணியின் எந்தப் படியில் நிற்கின்றனர்?

பரவுகிறதா, காய்கிறதா?

'வரிசை சற்று முன்பின் ஆனாலும் பரவுகிறது என்பது உண்மைதானே?' என்று வாசகர் கேட்கலாம். அதையும் பார்ப்போம்.

கோடையில் வாய்க்கால் நீர் குறையும்போது மேட்டு வயல் முதலில் காய்கிறது. அடுத்து நடுவயல், இறுதியில் பள்ள வயல். மாலைதோறும் வந்து பார்ப்பவன், 'காய்ச்சல் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தொற்றிப் பரவுகிறது' என்று எண்ணக்கூடும். உண்மையில் எதுவும் பரவவில்லை. ஒவ்வொரு வயலும் தன் தன் மேட்டுக்கும் பள்ளத்திற்கும் ஏற்ப வெவ்வேறு காலத்தில் காய்ந்தது, அவ்வளவே. நரம்பணுக்களிலும் இப்படி மேட்டு வயல்கள் உண்டு. வேகஸ் கரு, கரும்பொருள் முதலிய இடங்களில் உள்ள நரம்பணுக்கள் மிக நீண்ட, எண்ணற்ற கிளைகளையுடைய இழைகளைத் தாங்கி, ஓயாமல் துடித்து, ஆற்றலை மிகுதியாகச் செலவிடுபவை. சிக்காகோவின் சர்மியர் போன்ற அறிஞர்கள், இத்தகைய நரம்பணுக்களே முதலில் நலிகின்றன என்று வாதிடுகின்றனர். அவர்கள் காட்டும் சான்று ஒன்று வலுவானது. வேகஸ் இயக்கக் கருவிற்குப் பக்கத்திலேயே, குடலிலிருந்து வரும் உணர்ச்சி இழைகள் வந்து சேரும் இன்னொரு கரு உண்டு. குடலிலிருந்து நோய் ஏறுகிறது என்றால் அதுவும் பாதிக்கப்பட வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

இனி, பரவல் கொள்கையினரின் சான்றுகள். பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குக் கருவிலிருந்து எடுத்த இளம் நரம்பணுக்களை மூளையில் பதியம் வைத்தனர். பதினொன்று முதல் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் இறந்தபோது, அந்த இளம் நரம்பணுக்களிலும் லூயி உருண்டைகள் இருந்ததை 2008இல் சுவீடன், அமெரிக்கக் குழுக்கள் காட்டின. முதுமையால் வந்தது என்று இதைச் சொல்ல முடியாது. பக்கத்திலிருந்து வந்தது என்றே தோன்றுகிறது. ஆனால் அதே சமயத்தில் வெளியான மூன்றாவது ஆய்வில், பதியம் வைத்த வேறு ஐந்து நோயாளிகளிடம் அவை காணப்படவில்லை. செய்திகளில் முதலிரண்டு ஆய்வுகள் இடம்பெறும் அளவுக்கு மூன்றாவது இடம்பெறுவதில்லை.

2012இல் பென்சில்வேனியாவில் லூக், வர்ஜீனியா லீ ஆகியோர், திரிந்த இழைகளை நல்ல எலிகளின் மூளையில் செலுத்தி, அவை தொடர்புடைய பகுதிகளுக்குப் பரவுவதைக் காட்டினர். 2019இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டாசன் குழுவினர் எலியின் குடற்சுவரில் அவற்றைச் செலுத்தினர். மூளைத் தண்டிலும் பின்னர் அதற்கு அப்பாலும் நோய் தோன்றியது. வேகஸ் நரம்பை வெட்டியபோது தோன்றவில்லை. அழகிய சோதனை! ஆயினும் அது எதை மெய்ப்பிக்கிறது என்று அளந்து பேச வேண்டும். குடலிலிருந்து மூளைக்கு நோய் ஏற முடியும் என்பதை அது மெய்ப்பிக்கிறது. மனிதரில் அப்படித்தான் ஏறுகிறது என்பதை மெய்ப்பிக்கவில்லை. ஆய்வகத்தில் செய்த இழைகளை ஊசியால் ஏற்றுவது ஒன்று. அறுபது ஆண்டு வாழ்க்கையில் தானே தோன்றும் நோய் வேறொன்று.

மனிதரிலும் ஒரு சோதனை தற்செயலாக நடந்தது. இரைப்பைப் புண்ணுக்கு நல்ல மருந்துகள் வருமுன், அமிலச் சுரப்பைக் குறைக்க வேகஸ் நரம்பை வெட்டுவது வழக்கமாக இருந்தது. டென்மார்க்கில் அப்படிச் செய்துகொண்டவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், நரம்பின் அடிமரத்தையே வெட்டிக்கொண்டவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் குறைவாக வந்தது என்று 2015இல் அறிவித்தனர். 2017இல் சுவீடன் ஆய்வும் ஓரளவு அதே திசையைக் காட்டியது. ஆனால் வேகஸ் வெட்டப்பட்டோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது தெளிவான வேறுபாடு இல்லை. வேகஸ் ஒன்றே பாதை என்றால், வெட்டியவர்களுக்கு நோய் பெரும்பாலும் வரவே கூடாது. வெட்டுவதற்கு முன்பே ஏறிவிட்டிருக்கலாம் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் சமாதானம் சான்றாகாது.

இன்னொன்று. நோய் குடலில்தான் பிறக்கிறது என்றால், குடலில் மட்டும் மாற்றம் இருந்து மூளையில் இல்லாத ஆட்கள் ஓரளவேனும் கிடைக்க வேண்டும். பீச் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் லூயி மாற்றம் இல்லாத முதியவர்களின் வேகஸ் நரம்பிலோ இரைப்பையிலோ அது காணப்படவில்லை. அறிகுறியற்ற தொடக்க நிலையினரிடம் வேகஸைவிட இரைப்பையில் அது அரிதாகவே இருந்தது. கீழிருந்து மேலே ஏறியிருந்தால் கணக்கு மாறியிருக்க வேண்டும்.

இரண்டு வாசல்கள்

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் போர்காமர் குழுவினர் 2019இல் இவ்வழக்கைத் தீர்க்க ஒரு கருத்தை முன்வைத்தனர். இரு கட்சியினரும் பாதி உண்மையைச் சொல்கின்றனர் என்பது அவர்கள் வாதம். சிலருக்கு நோய் உடலில், குடலைச் சார்ந்த நரம்புகளில் தொடங்கி மேலே ஏறுகிறது. சிலருக்கு மூளையில், மோப்பக் குமிழிலோ அமிக்டலாவிலோ தொடங்கிக் கீழே இறங்குகிறது. வாசல் இரண்டு, நோய் ஒன்று.

இக்கருத்தின் மதிப்பு என்னவென்றால், இதை உயிருள்ளவர்களிடமே சோதிக்கலாம். 2020இல் அக்குழு அதைச் செய்தது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 37 பேரை, கனவில் கைகால் வீசும் கோளாறு உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்தது. கதிரியக்கப் பொருள்களைக் கொண்டு அவர்களுடைய மூளை, இதயம், குடல் ஆகியவற்றின் நரம்புகளைப் படமெடுத்தது. அக்கோளாறு உள்ளோரிடம் இதய நரம்புகள் பெரிதும் கெட்டிருந்தன. அது இல்லாதோர் பலரிடம் மூளையின் டோபமீன் குறைந்திருந்தும் இதய நரம்புகள் அவ்வளவாகக் கெடவில்லை. நடுக்கம் இன்னும் வராமல், கனவுக் கோளாறு மட்டுமே உள்ளோரிடம் இதயமும் குடலும் முன்னரே பாதிக்கப்பட்டிருந்தன.

இதற்கும் குறைகள் உண்டு. ஆட்கள் குறைவு. படத்தில் தெரிவது நரம்பு முனையின் நலிவே அன்றிப் புரதம் அன்று. இரு கூட்டத்திற்கும் இடையில் நிற்பவர்களும் உண்டு. ஆயினும் பிராக் படத்தைவிட இது ஒரு படி மேல் என்பதே நம் மதிப்பீடு. காரணம், இது தன்னைத் தவறென்று காட்டும் வழியையும் உடன் தருகிறது. ஒருவரையே ஆண்டுதோறும் படமெடுத்து, எதிர்பார்த்த வரிசையில் உறுப்புகள் கெடுகின்றனவா என்று பார்க்கலாம். இறந்தவர் மூளையில் அது இயலாது.

மருந்து வைத்த தேர்வு

கொள்கைக்கு உரிய தேர்வு நோயாளியின் படுக்கையருகே நடக்கிறது. திரிந்த புரதம் ஒரு நரம்பணுவை விட்டு வெளியேறி அடுத்ததற்குச் செல்கிறது என்றால், இடைவெளியிலேயே அதைப் பிடித்துவிட்டால் நோய் நிற்க வேண்டும். இவ்வெண்ணத்தில் பிரசினெசுமாப், சின்பனெமாப் என்னும் இரண்டு எதிர்ப்பொருள் மருந்துகள் தொடக்கநிலை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. 2022இல் வெளியான முடிவுகளின்படி, முதன்மை அளவுகோலில் இரண்டுமே போலி மருந்தைவிடப் பயன் தரவில்லை.

இதனால் பரவல் கொள்கை பொய் என்று ஆகிவிடாது. மருந்து போதிய அளவு மூளைக்குள் செல்லாதிருக்கலாம். காலம் கடந்து கொடுத்திருக்கலாம். ஆனால் இன்னொரு வாய்ப்பையும் எண்ண வேண்டும். இரு வாசல் கருத்து சரியானால், இரு வகையினரையும் ஒரே கூட்டமாகக் கலந்து மருந்து கொடுத்துவிட்டு, சராசரியைப் பார்த்து முடிவு கட்டியிருக்கிறோம். ஒரு வகைக்குக் கிடைத்த சிறு பயனை மற்றதன் சராசரி விழுங்கியிருக்கக்கூடும். படம் பற்றிய வாதம் வெறும் ஏட்டு வாதம் அன்று என்று முதலில் கூறியது இதனால்தான்.

இப்போது மூளைத் தண்டுவட நீரில் திரிந்த புரதம் உறை ஊற்றும் தன்மையோடு இருக்கிறதா என்று நேரே காணும் சோதனை வந்துள்ளது. 1,123 பேரை உட்கொண்டு 2023இல் வெளியான பெரிய ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேரை அது சரியாகக் காட்டியது. முன்சொன்ன எல்.ஆர்.ஆர்.கே. 2 பிழை உள்ள நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினரிடம் அது எதையும் காட்டவில்லை. ஒரே சாதி மரம் அன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நாம் கொள்ள வேண்டியது

'நோய் குடலில் பிறக்கிறது' என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு, மலச்சிக்கல் உள்ள ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஹவாய்த் தீவில் ஏறத்தாழ 6,800 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நாள்தோறும் மலம் கழியாதோருக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு, நாளுக்கு ஒருமுறை கழிந்தோரைவிட 2.7 மடங்கு என்று 2001இல் அறிவித்தனர். ஆனால் மலச்சிக்கல் மிகப் பொதுவானது. நோயோ ஒப்பீட்டில் அரியது. மலச்சிக்கல் உள்ளோருள் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. குடலைத் தூய்மை செய்தால் நடுக்கம் வராது என்று விற்கப்படும் பொருள்களுக்கு இக்கொள்கையில் எவ்வித ஆதாரமும் இல்லை.

கனவுக்கேற்ப உதைத்தும் கூவியும் எழும் பழக்கம் நடுவயதுக்குப் பின் தோன்றினால், அது வேறு செய்தி. 24 மையங்களில் 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்த 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, இத்தகையோரில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பார்க்கின்சன் நோயோ அதன் உறவு நோயோ வந்தது. சில மனச்சோர்வு மருந்துகளாலும் இக்கோளாறு வரலாம். ஆகவே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவதே முறை. நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை என்பது உண்மை. ஆயினும் படுக்கையருகே கூரிய பொருள் இல்லாமல் பார்த்துக்கொள்வது முதல், புதிய மருந்துச் சோதனைகளில் உரிய காலத்தில் சேர்வது வரை, முன்னறிவால் பயன் உண்டு.

இன்னொரு முன்னறிவு உயிர் காக்கக்கூடியது. முதியவர் ஒருவர் வீட்டில் இல்லாத குழந்தைகளையும் விலங்குகளையும் கண்டதாகச் சொன்னால், ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் குழப்பமாகவும் இருந்தால், அது பேயும் அன்று, வெறும் பித்தும் அன்று. லூயி உருண்டை அறிவுத்தேய்வாக இருக்கலாம். இத்தகையோருக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் பேராபத்து விளைவிக்கலாம் என்று 1992 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் எச்சரித்து வருகின்றனர். உடல் இறுகி, நினைவு மங்கி, உயிருக்கே இடர் நேரலாம். மருந்து எழுதுமுன் இந்நோய்க்கு இடமுண்டா என்று மருத்துவரைக் கேட்க வீட்டார் தயங்கக் கூடாது.

பிராக் தந்த படத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்பது நம் கருத்தன்று. கை நடுக்கத்திற்கு அப்பால் பார்க்க நமக்குக் கற்பித்தது அதுவே. ஆனால் பார்க்கின்சன் தெருவில் நின்று கண்டார். அறிவு கெடுவதை அவர் காணவில்லை. பிராக் வேகஸ் கருவின் அருகே நின்று கண்டார். வேறு வாசலை அவர் காணவில்லை. ஆகவே இனி 'பார்க்கின்சன் நோய் குடலில் பிறக்கிறது' என்று படிக்கும்போது, 'சிலருக்கு, ஒருவேளை' என்ற இரு சொற்களை வாசகர்கள் தாமே சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டுகிறோம்.